போபண்ணா 43 வயதில் நம்பர் 1: ஒற்றையரில் 213-ஐத் தாண்டாதவருக்கு இது எப்படி முடிந்தது?

அரைகோர்ட் கேட்டது:

இந்திய டென்னிஸ் ஆட்டக்காரர் ரோகன் போபண்ணா 2025 நவம்பர் 1 அன்று ஓய்வை அறிவித்தபின் அவருடைய கணக்கை முழுசாக எடுத்துப் பார்த்தேன். ஒற்றையர் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 213, அதுவும் 2007-ல். முதல் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சுற்று) இரட்டையர் பட்டம் 2008-ல் லாஸ் ஏஞ்சலஸில், எரிக் புடோராக்குடன். அப்போதே வயது 28. கடைசியில் பார்த்தால் 26 பட்டம், அதில் ஆறு மாஸ்டர்ஸ் (கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த நிலைத் தொடர்கள்). 2024 ஜனவரியில் மேத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓப்பன், கூடவே உலக நம்பர் 1. அப்போது வயது 43.

தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்:

1. "இரட்டையரில் ஓட்டம் பாதிதான், அதனால் வயசானாலும் ஆடலாம்" என்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை?
2. நம்பர் 1 என்பது ஜோடிக்கா, ஆளுக்கா? உச்சியில் இருந்தவர் அடுத்த வருஷமே அவ்வளவு வேகமாகக் கீழே வந்தது ஏன்?
3. இதில் பணம் இருக்கிறதா?

---

வலைக்கம்பி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பாதி உண்மை.

ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 27 அடி. இரட்டையருக்குப் பக்கத்துக்கு நாலரை அடி சேர்த்து 36 அடி. இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 18 அடி. ஆக, பக்கவாட்டு ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, பாதி இல்லை. சர்வ் கணக்குதான் பெரிய லாபம். ஒற்றையரில் இரண்டு கேமுக்கு ஒருமுறை சர்வ் போடணும், இரட்டையரில் நாலு கேமுக்கு ஒருமுறை. தோள்பட்டை வேலை சரிபாதி. போபண்ணா மாதிரி சர்வையே மூலதனமாக வைத்தவருக்கு இது நேரடியாக ஆயுளைக் கூட்டும்.

ஆனால் முழங்காலுக்கு இரட்டையர் சலுகை காட்டாது. சர்வ் போட்ட கையோடு வலைக்கு ஓடி, எதிராளி அடிக்கும் நொடியில் சின்னதாக ஒரு துள்ளு துள்ளி நிற்கணும். வரும் பந்து கால் பக்கம் தாழ்ந்து விழும். முழங்காலை மடக்கி, மட்டையின் தலையைத் தூக்கிப் பிடித்து, பந்து தரையில் படுமுன்னே அடிக்கிற வாலி ஆடணும். வலையின் நடுவே உயரம் மூன்று அடி. அதற்குக் கீழிருந்து எடுக்கும் பந்தை மேல்நோக்கித்தான் அனுப்ப முடியும், மேலே போனால் எதிரே நிற்பவர் இறக்கி அடிப்பார். அதனால் இடுப்பை வளைத்துச் சமாளிக்கிற ஆள் இந்த மட்டத்தில் நிற்க முடியாது. ஒவ்வொரு சர்வுக்கும் ஒரு துள்ளல், ஒரு மடக்கல். ஓட்டம் மிச்சம், குனிதல் மிச்சமில்லை.

அவருடைய பிரச்சினையே அங்கேதான். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய்விட்டதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தினம் வலி மாத்திரை போட்டு ஆடிய காலமும் உண்டு. ஐயங்கார் யோகாவுக்குப் போனபின்தான் அந்த மாத்திரைகள் குறைந்தன என்பதும் அவர் சொன்னதே. அந்த முறையில் கட்டை, பட்டை, நாற்காலி என்று துணைப்பொருள் வைத்து ஒரே நிலையில் நெடுநேரம் நிற்கவைப்பார்கள். தொடைத் தசையும் இடுப்பும் உறுதியானால் மூட்டுக்கு விழும் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது.

இன்னொன்று, ஆட்ட நேரம். இரட்டையரில் 40-40 ஆனால் அடுத்த புள்ளியோடு கேம் முடிந்துவிடும். செட் 1-1 ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக். முக்கால்வாசி ஆட்டம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து செட் ஆடிவிட்டு மறுநாளைக்கு மறுநாள் மறுபடி ஐந்து செட் என்ற கொடுமை இல்லை.

---

புள்ளிக்கணக்கு

வலைக்கம்பி சொன்னதில் ஒரு திருத்தம். 40-40 ஒற்றைப் புள்ளியும் 10 புள்ளி டை-பிரேக்கும் ஏடிபி தொடர்களில் 2006-லிருந்து நிலைத்த விதி. கிராண்ட் ஸ்லாம் ஆண்கள் இரட்டையருக்கு அது பொருந்தாது. அங்கே டியூஸ், அட்வான்டேஜ் எல்லாம் பழையபடியே, அதாவது 40-40-க்குப் பின் இரண்டு புள்ளி முன்னிலை வேணும். மூன்றாவது செட்டும் முழுசாக ஆடணும், 6-6 வந்தால்தான் 10 புள்ளி டை-பிரேக். விம்பிள்டனில் 2022 வரை ஆண்கள் இரட்டையரே ஐந்து செட்டாக இருந்தது, 2023-ல்தான் மூன்றாக்கினார்கள். 2015 விம்பிள்டன் அரையிறுதியில் போபண்ணாவும் மெர்ஜியாவும் ரோஜர், டெகாவ் ஜோடியிடம் ஐந்தாவது செட்டில் 11-13 என்று தோற்றார்கள். அப்போது அவருக்கு வயது 35.

இனி இரண்டாவது கேள்வி. தரவரிசை ஆளுக்கு. ஜோடிகளுக்கென்று தனியாக ஒரு பட்டியல் உண்டு. அது வருஷ முடிவில் ஏடிபி ஃபைனல்ஸுக்கு எட்டு ஜோடிகளைத் தேர்ந்தெடுக்க. "உலக நம்பர் 1" என்று செய்தியில் வருவது ஆள் கணக்கு. கடந்த 52 வாரத்தில் நீங்கள் யாரோடு ஆடியிருந்தாலும் உங்கள் சிறந்த முடிவுகளின் புள்ளிகள் கூடும். துணைவருக்கும் அதே புள்ளி அவர் கணக்கில் ஏறும். ஆனால் அவர் வேறு வாரங்களில் வேறு ஆளோடு ஆடியிருப்பார், அதனால் இருவர் மொத்தமும் ஒன்றாக இருக்காது.

புள்ளி விவரம்: கிராண்ட் ஸ்லாம் பட்டம் 2000, இறுதியில் தோற்றால் 1200, அரையிறுதி 720, காலிறுதி 360. மாஸ்டர்ஸ் பட்டம் 1000, இறுதி 600, அரையிறுதி 360. அடுத்த நிலைத் தொடர்களுக்கு 500, 250. முதல் சுற்றிலேயே தோற்றால் இரட்டையரில் பூஜ்யம். கலப்பு இரட்டையருக்கு எந்தத் தொடரிலும் தரவரிசைப் புள்ளியே கிடையாது. 2017 பிரெஞ்சு ஓப்பனில் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியோடு அவர் வென்றது கிராண்ட் ஸ்லாம் பட்டம்தான், ஆனால் தரவரிசையில் ஒரு படி கூட ஏற்றாது.

இப்போது 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இண்டியன் வெல்ஸ் பட்டம் 1000. விம்பிள்டன் அரையிறுதி 720. அமெரிக்க ஓப்பன் இறுதி 1200. இந்த மூன்றே 2920. அதனால்தான் 2024 ஆஸ்திரேலிய ஓப்பனுக்குப் போகும்போதே மேலே இருந்தார். காலிறுதியை வென்றதும் நம்பர் 1 உறுதியாகிவிட்டது. பட்டம் அதற்கப்புறம் வந்தது. ஜனவரி 29 பட்டியலில் முதலிடம். அதற்குமுன் 41 வயதில் முதலிடத்தில் இருந்த மைக் பிரையனின் சாதனை அதோடு போயிற்று.

இறங்கியதும் இதே கணக்கில்தான். 52 வாரம் முடிந்த அன்று பழைய புள்ளி தானாக உதிரும். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் பேரியன்டோஸுடன் முதல் சுற்றில் தோல்வி. ஒரே நாளில் 2000 போய், அந்த இடத்தில் பூஜ்யம். மார்ச்சில், 2024-ல் வென்ற மயாமி மாஸ்டர்ஸ் பட்டத்தின் 1000 புள்ளி உதிரும் நாள். முதல் நாள் ராஜா, மறுநாள் கூஜா என்று சிரித்தார்கள். ஆட்டம் ஒரேயடியாகச் சரிந்துவிடவில்லை, பெரிய இரண்டு தொகை ஒரே காலாண்டில் முதிர்வாகிவிட்டது, அவ்வளவுதான்.

---

அரைகோர்ட்

ரெண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் எப்டனை விட்டுப் பிரிந்தது ஏன் இவ்வளவு பாதிக்கணும்? புள்ளி ஆளுக்குத்தானே? இன்னொரு நல்ல ஆளைப் பிடித்தால் போதாதா?

---

புள்ளிக்கணக்கு

பிடிப்பதில்தான் சிக்கல், அரைகோர்ட். தொடருக்குள் நுழைவது இருவர் தரவரிசையின் கூட்டுத்தொகையை வைத்து. நீங்கள் 12, அவர் 60 என்றால் 72. கூட்டுத்தொகை குறைவான ஜோடிக்கு முதலிடம். ஒரு 250 தொடரில் மொத்தமே 16 ஜோடி. வைல்டு கார்டு (தொடர் நடத்துபவர்கள் தாங்களே தரும் இடம்) போக மிச்சம்தான் போட்டிக்கு. இதில் ஒற்றையர் ஆட்டக்காரர் தன் ஒற்றையர் தரவரிசையைக் காட்டியும் நுழையலாம். ஒற்றையரில் 15-ஆம் இடத்தில் இருப்பவர் திடீரென்று "நானும் ஆடறேன்" என்றால் வருஷம் முழுக்க இரட்டையரே ஆடும் ஒரு ஜோடி வெளியே நிற்கும். இது ரொம்ப நாளாகப் புகைகிற விஷயம்.

இப்போது சங்கிலியைப் பாருங்கள். புள்ளி உதிர்ந்தால் உங்கள் எண் பெரிதாகும். எண் பெரிதானால் முதல் பத்தில் இருப்பவர் உங்களோடு சேரத் தயங்குவார், அவருடைய கூட்டுத்தொகை கெடும். வாரத்துக்கு ஒரு துணை என்று ஆகும். சீடிங் (தொடரின் முன்னணி ஜோடிப் பட்டியல்) இல்லாமல் போனால் முதல் சுற்றிலேயே பலமான ஜோடி எதிரே வரும். 2025-ல் அவருடன் ஆடியவர்களில் சிலர்: பேரியன்டோஸ், மான்டி கார்லோவில் பென் ஷெல்டன், பிரெஞ்சு ஓப்பனில் பாவ்லாசெக், விம்பிள்டனில் கில்லே, டோக்கியோவில் யுசுகி, கடைசியாகப் பாரிஸில் புப்லிக். அந்த நிலைமையிலும் டோக்கியோவில் யுசுகியோடு இறுதி வரை போனார் என்பதைக் கவனியுங்கள்.

---

டியூஸ்பக்கம்

துணை மாறினால் என்ன கெடும் என்பதைக் கோர்ட்டில் வைத்துச் சொல்கிறேன். புள்ளிக் கணக்கை விட இதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

சர்வ் போடுவதற்கு முன் வலையில் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவார். விரல் சர்வின் திசையைச் சொல்லும்: நடுக்கோட்டுக்கா, உடம்புக்கா, வெளியேவா. அடுத்த சைகை அவர் என்ன செய்யப்போகிறார் என்பதற்கு. பொதுவாக மூடிய கை என்றால் இடத்தில் நிற்பேன், விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன். ஜோடிக்கு ஜோடி இது மாறும். இப்போதெல்லாம் புள்ளிக்குப் புள்ளி வாயைப் பொத்திக்கொண்டு பேசிவிடுகிறார்கள்.

போபண்ணா சர்வ், துணை வலையில், திட்டம் "நடுக்கோட்டுக்கு, பாய்கிறேன்" என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டுக்குப் போன சர்வுக்குத் திரும்பும் கோணம் குறுகும். பந்து பெரும்பாலும் நடுவழியாகத்தான் வரும். வலையில் நிற்பவர் எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் குறுக்கே கிளம்பணும். முன்னாடியே கிளம்பினால் எதிராளி பார்த்துவிட்டு காலியான ஓரத்தில் அடித்துவிடுவார். பின்னாடி கிளம்பினால் பந்து கைக்கு எட்டாது. சர்வ் போட்டவர் அதே நேரத்தில் மறுபக்கத்தை மூட ஓடணும். சர்வ் ஓரடி தவறி வெளிப்பக்கம் போனாலும் திட்டம் மொத்தமும் நாசம்: எதிராளிக்குக் கோணம் கிடைத்துவிடும், பாய்ந்தவர் வெறுங்கையோடு நடுவில் நிற்பார்.

அதனால் துணைவரின் பாய்ச்சல் உங்கள் சர்வின் துல்லியத்தை நம்பியிருக்கிறது, உங்கள் சர்வ் எங்கே போகலாம் என்பது அவர் பாய்ச்சலின் வேகத்தை நம்பியிருக்கிறது. நம்பிக்கை இல்லாத ஜோடியில் வலையில் நிற்பவர் பாயவே மாட்டார். பாயாவிட்டால் ரிட்டர்ன் அடிப்பவருக்கு அடிக்க முழு வழியும் திறந்திருக்கும். போபண்ணாவின் சர்வ் தனியாக நாலு புள்ளி எடுத்துத் தரும். எப்டன் முன்னால் நின்றபோது அது எட்டானது. எப்டனின் ரிட்டர்ன் சேர்ந்ததும் எதிரணியின் சர்விலும் வாய்ப்பு பிறந்தது. அடிப்பவர் ஒருத்தர், பொறுக்குபவர் ஒருத்தர். பொருத்தம் சரியாக அமைந்தது.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அவருடைய பெரிய ஆட்டங்களின் ஸ்கோரை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2017 பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இறுதி: 2-6, 6-2, 12-10, அதுவும் தோல்விக்கு ஒரு புள்ளி தூரத்திலிருந்து மீண்டு. 2022 பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி, மிடில்கூப்புடன்: மூன்றாவது செட் டை-பிரேக்கில் 8-10, தோல்வி. 2023 இண்டியன் வெல்ஸ் இறுதி: 6-3, 2-6, 10-8. 2024 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதி: மூன்றாவது செட் டை-பிரேக் 10-7. மயாமி இறுதி: முதல் செட் போய், 10-6. வரலாறு என்று எழுதப்பட்டதெல்லாம் ரெண்டு மூன்று புள்ளி வித்தியாசம்.

10-8 என்றால் மொத்தம் 18 புள்ளி. நாலு பேரும் மாறி மாறிப் போடும் வரிசையில் ஆளுக்கு நாலோ ஐந்தோ சர்வ்தான் வரும். எவ்வளவு பெரிய சர்வ் இருந்தாலும் மீதிப் பதின்மூன்று புள்ளி அடுத்தவர் கையில். இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரே வழி, அந்தக் கட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருப்பது. ஆண்கள் இரட்டையரில் அவர் முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் எடுத்தது அறுபது தொடர்களுக்கு மேல் ஆடிய பிறகு. 2010 அமெரிக்க ஓப்பன் இறுதியில் குரேஷியோடு சேர்ந்து பிரையன் சகோதரர்களிடம் தோற்றதும் 7-6, 7-6 தான். ரெண்டு டை-பிரேக் இவர் பக்கம் விழுந்திருந்தால் இந்தத் திரியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

---

சேப்பாக்கம்_எண்ட்

213-ஐ வைத்து ஆளை எடை போடாதீங்க தலைவா. அந்த 2010 அமெரிக்க ஓப்பன் இறுதி முடிந்த அடுத்த வாரமே நுங்கம்பாக்கத்தில் டேவிஸ் கோப்பை, பிரேசிலுடன். இந்தியா 0-2 பின்னால். இரட்டையர் வென்று, சோம்தேவ் சமன் செய்து, கடைசி ஐந்தாவது ஆட்டத்தில் ரிக்கார்டோ மெலோவை ஒற்றையரில் அடித்தது போபண்ணாதான். அதில்தான் இந்தியா டேவிஸ் கோப்பையின் முதல்நிலையான உலகப் பிரிவில் நீடித்தது.

நம்ம ஊர்க் கணக்கும் இருக்கு. 2006 சென்னை ஓப்பனில் பிரகாஷ் அமிர்தராஜோடு இறுதி வரை வந்தார். 2017-ல், அந்தத் தொடர் புனேவுக்குப் போவதற்கு முந்தின கடைசி வருஷம், ஜீவன் நெடுஞ்செழியனோடு பட்டம். ராம்குமாருக்கு முதல் ஏடிபி பட்டம் கிடைத்தது 2022 அடிலெய்டில், துணை இவரேதான். அடுத்த மாசமே புனேயில் இன்னொன்று. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முதல் பத்துக்குள் இருப்பவர் தன் துணையைத் தானே சொல்லலாம் என்ற விதியில் இவர் சொன்னது கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியை. முதல் சுற்றில் மோன்ஃபில்ஸும் ரோஜர்-வாசெலினும் 7-5, 6-2 என்று முடித்துவிட்டார்கள். ரோஜர்-வாசெலின் யாரென்று பார்த்தால், 2013 விம்பிள்டன் அரையிறுதிக்கு இவரோடு ஜோடியாகப் போனவர். இரட்டையர் உலகம் அவ்வளவு சின்னது.

---

வலைக்கம்பி

மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆண்கள் இரட்டையர் பட்டத்துக்கு ஜோடிக்கு 7,30,000 ஆஸ்திரேலிய டாலர். ஆளுக்கு 3,65,000. ஒற்றையர் சாம்பியனுக்கு 31,50,000. இதை விட உறைப்பது இன்னொன்று: அதே தொடரில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்று வீட்டுக்குப் போனவருக்கு 1,20,000. அதாவது ஒற்றையரில் மூன்று முறை முதல் சுற்றில் தோற்றால் வரும் தொகையும், ஆறு சுற்று ஜெயித்து இரட்டையர் சாம்பியன் ஆனால் கைக்கு வருவதும் ஏறக்குறைய ஒன்று.

இந்தப் பணத்தில்தான் வரி, பயிற்சியாளர், பிசியோ, மூன்று பேருக்கு விமானம், ஓட்டல். முழங்கால் தேய்ந்த 43 வயது ஆள் பிசியோவை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. முதல் இருபதுக்குள் இருந்தால் கட்டுபடியாகும். ஐம்பதைத் தாண்டினால் பலர் பயிற்சியாளரையே ரெண்டு மூணு பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வார்கள்.

---

அரைகோர்ட்

அருமை. கடைசியா ஒண்ணு: டியூஸ்பக்கம் சொன்ன பாய்ச்சல் விவகாரத்தைக் கண்ணால் பார்க்க எந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம்?

---

டியூஸ்பக்கம்

2023 இண்டியன் வெல்ஸ் இறுதி, எதிரே கூல்ஹாஃப், ஸ்குப்ஸ்கி. நேரமில்லை என்றால் கடைசி டை-பிரேக் மட்டும். முதல் தடவை வழக்கம்போலப் பந்தைப் பாருங்கள். ரெண்டாவது தடவை பந்தை விட்டுவிட்டு, சர்வ் போடும் அணியில் வலையில் நிற்பவரின் கால்களை மட்டும் பாருங்கள். எப்போது கிளம்புகிறார், கிளம்புவது போல ஒரு அடி வைத்துவிட்டு எப்போது நின்றுவிடுகிறார் என்று எண்ணுங்கள். அந்தப் பொய் அடிக்கு ரிட்டர்ன் அடிப்பவர் ஏமாந்து ஓரத்துக்கு அடிக்கப் போய் வலையில் போடுவது, ஸ்கோர் பலகையில் வெறும் "ரிட்டர்ன் தவறு" என்றுதான் ஏறும்.